பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நகரத்தை எப்படிப் படிப்பது

ஒரு சிறிய நகரத்தைப் பற்றி எழுதப் போகிறீர்கள், அல்லது வேலை கிடைத்து அங்கே குடிபோகிறீர்கள், இல்லை படிப்புக்காக அதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு மாநகரம் இருக்கிறது. சில ஊர்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. "இந்த ஊர் எந்த வட்டாரம்?" என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், யாரும் பொய் சொல்லவும் மாட்டார்கள். சம்பளம் ஒரு பக்கம் இழுக்கிறது, சட்டம் ஒரு பக்கம், தொலைக்காட்சி வேறொரு பக்கம், விளையாட்டு அணி இன்னொரு பக்கம். இந்த இழுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து, எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று தேடினால்தான் ஊரின் முகம் தெரியவரும். அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

வரைபடங்களைப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள். அரசு எல்லைக்கு ஒரு தாள், வேலைக்குப் போய்வருவதற்கு ஒரு தாள், செய்திக்கும் தொலைக்காட்சிக்கும் ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, அப்புறம் விமான நிலையம், பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம் இவற்றுக்குச் சேர்த்து ஒன்று. இவ்வளவு போதும்.

அமெரிக்காவில் கெனோஷா என்று ஒரு நகரம். சுமார் ஒரு லட்சம் பேர். வடக்கே மில்வாக்கி, தெற்கே சிகாகோ, இரண்டுக்கும் நடுவே மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கிறது. அரசு எல்லைப்படி விஸ்கான்சின் மாநிலம், ஆகவே மில்வாக்கி பக்கம். ஆனால் சிகாகோவின் மெட்ரா புறநகர் ரயில் மாநில எல்லையைத் தாண்டி வந்து நிற்கும் ஒரே விஸ்கான்சின் ஊர் இதுதான், அரசுப் புள்ளிவிவரங்களிலும் பல ஆண்டுகள் கெனோஷா மாவட்டத்தைச் சிகாகோ பெருநகரப் பகுதிக்குள்தான் சேர்த்து எண்ணினார்கள். தொலைக்காட்சிச் சந்தையோ மில்வாக்கியுடையது, அதாவது ராத்திரி செய்தியில் வரும் மழையும் விபத்தும் தேர்தலும் மில்வாக்கி பக்கத்து விஷயங்கள். அமெரிக்கக் கால்பந்து என்று வந்தால், சிகாகோ அணியின் மைதானம் ஏறக்குறைய 100 கி.மீ. தூரத்தில் இருந்தும், சுமார் 250 கி.மீ. தள்ளியிருக்கும் கிரீன் பே பேக்கர்ஸ்தான் மாநிலத்துக்கே சொந்த அணி. ஒரே ஆள் காலையில் சிகாகோ ரயில் ஏறி, மாலையில் மில்வாக்கி செய்தி பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கிரீன் பே சட்டை போட்டுக்கொள்ளலாம். அவரிடம் போய் "நீங்கள் சிகாகோவா மில்வாக்கியா?" என்று கேட்டால் என்ன சொல்லுவார்?

கணக்கு எங்கே பொய்க்கிறது என்று பாருங்கள்

1931-இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் சில்லறை வியாபாரத்துக்கு ஓர் ஈர்ப்பு விதி சொன்னார்: ஊர் பெரிதாக இருந்தால் அதிகம் இழுக்கும், தூரம் கூடினால் இழுப்பு வேகமாகக் குறையும். பிறகு பால் கான்வெர்ஸ் அதிலிருந்து இரண்டு நகரங்களுக்கு நடுவே இழுப்பு சமமாகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாய்பாடு கொடுத்தார். கையிலேயே போட்டுப் பார்க்கலாம். பெரிய நகரத்தின் மக்கள்தொகையைச் சிறியதன் மக்கள்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். வந்த எண்ணால் இரண்டு நகரங்களுக்கும் இடையிலான தூரத்தை வகுத்தால், சிறிய நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை அதன் பிடி இருக்கிறது என்று கிடைக்கும்.

சிகாகோவுக்கு 27 லட்சம், மில்வாக்கிக்கு 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் 4.7 அளவில் வரும், வர்க்கமூலம் ஏறக்குறைய 2.2, ஒன்றைக் கூட்டினால் 3.2. சாலைத் தூரம் சுமார் 150 கி.மீ., ஆகவே மில்வாக்கியின் பிடி 47 கி.மீ. அளவில் முடிகிறது. கெனோஷா அந்தக் கோட்டைத் தாண்டி இருக்கிறது. கணக்குப்படி அது சிகாகோவுக்குப் போக வேண்டிய ஊர், ரயிலும் அப்படித்தான் சொல்கிறது, தொலைக்காட்சியும் கால்பந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேதான் உங்களுக்கு வேலை ஆரம்பிக்கிறது. வாய்பாடு சரியாக வந்த இடத்தில் எழுத அதிகம் இருக்காது. தப்பும் இடத்தில், எது தப்ப வைத்தது என்று தேடுங்கள்: மாநில எல்லையா, ஆறா, மொழியா, பழைய ரயில் பாதையா, ஒரு தொழிற்சாலையா. கெனோஷாவில் எல்லையோடு தொழிற்சாலையும் சேர்ந்துகொள்கிறது. பல பத்தாண்டுகள் அங்கேயே கார் செய்தார்கள், 1988-இல் கார் அசெம்பிளி நின்றது. சொந்தத் தொழில் இருந்த ஊர் பக்கத்து மாநகரத்தைப் பார்க்கும் பார்வையும், அந்தத் தொழில் போன ஊர் பார்க்கும் பார்வையும் ஒன்றாக இருக்காது.

கடிகாரத்தைக் கேளுங்கள்

இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நேர மண்டல எல்லைக்கு அருகில் இருக்கும் ஊர் என்றால், அது எந்த மாநகரத்தின் நேரத்தில் வாழ்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. தலைநகர் சிட்னி ஆயிரம் கி.மீ.க்கும் மேல் தள்ளி, பக்கத்து மாநிலத் தலைநகர் அடிலெய்டு சுமார் 500 கி.மீ. ஊரின் கடிகாரம் அடிலெய்டு நேரம்தான் காட்டும், சிட்னியைவிட அரை மணி பின்னால். தொலைபேசிக் குறியீடும் அந்தப் பக்கத்து 08. மாநிலத்தின் பெரும்பகுதி ரக்பி ஆடும்போது இங்கே ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. காரணத்தைத் தேடிப் போனால் மண்ணுக்கடியில் இருந்த வெள்ளியும் ஈயமும் வருகின்றன: 1883-இல் தாது கண்டுபிடித்தார்கள், 1888-இல் ரயில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போடப்பட்டது, தாது போர்ட் பிரி துறைமுகத்துக்குப் போய் அங்கே உருக்கப்பட்டது. சிட்னியிலிருந்து நேரடி ரயில் வந்ததே 1927-இல்தான். அதற்குள் ஊரின் பழக்கவழக்கம் உறைந்துவிட்டது. ஆனால் சட்டம், பள்ளிக்கூடம், வாக்கு எல்லாம் சிட்னியிலிருந்து வருகிறது. இந்த இரட்டை வாழ்க்கையைச் சொல்லாமல் அந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் பெரும்பகுதி கிழக்கு நேரம், ஆனால் கேரி நகரம் இருக்கும் வடமேற்கு மூலை சிகாகோவின் மத்திய நேரத்தில் ஓடுகிறது. அலபாமாவின் ஃபீனிக்ஸ் சிட்டி இன்னும் சுவாரசியம்: சட்டப்படி மத்திய நேரம், நடைமுறையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜார்ஜியா மாநிலக் கொலம்பஸ் நகரத்தின் கிழக்கு நேரம். யாரும் உத்தரவு போடவில்லை, மக்களே மாற்றிக்கொண்டார்கள். அடிக்கடி அக்கரைக்குப் போய்வரும் ஊரில் இரண்டு நேரம் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது!

போய்வருபவர்களை எண்ணுங்கள்

இதற்கு அரசுப் புள்ளிவிவரம் கிடைக்கும். ஆனால் எந்த அளவைத் தாண்டினால் ஓர் ஊர் மாநகரத்தின் பகுதி ஆகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவிலும் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகளிலும் ஓர் ஊரில் வேலை பார்ப்பவர்களில் 15 சதவீதம் பேர் மாநகரத்துக்குப் போய்வந்தால் அது அந்த நகரத்தின் செயல்பாட்டு எல்லைக்குள் வரும். அமெரிக்காவில் வெளி மாவட்டம் ஒன்றைச் சேர்க்க 25 சதவீதம். கனடாவில் 50 சதவீதம் என்ற அளவு இருக்கிறது. அதனால் "இது இன்ன மாநகரப் பகுதி" என்று ஒரு அரசுத் தாளில் பார்த்ததும் அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள், எந்த அளவுகோல் என்று பாருங்கள். 15 சதவீதம் என்றால் மிச்ச 85 பேர் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறதே.

பகல் மக்கள்தொகையையும் இரவு மக்கள்தொகையையும் ஒப்பிடுவதும் நல்லது. யோகோஹாமாவில் 37 லட்சம் பேர், டோக்கியோவை விட்டால் ஜப்பானில் அதுதான் பெரிய நகரம், ஆனாலும் பகலில் அங்கே இருப்பவர்கள் இரவில் தூங்குபவர்களைவிடக் குறைவு. வேலைக்கும் படிப்புக்கும் டோக்கியோ இழுத்துக்கொள்கிறது. சிறியது பெரியது என்பதெல்லாம் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

அதே யோகோஹாமா 1859-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த துறைமுகம். அந்த வரலாறு ஊர்க்காரர்களிடம் பெருமையாக நிற்கிறது, எந்த ஊர் என்று கேட்டால் மாகாணப் பெயரைச் சொல்லாமல் "யோகோஹாமா" என்றுதான் சொல்லுவார்கள் என்பது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டோக்கியோவுக்கு வேலைக்குப் போனால் டோக்கியோக்காரர் ஆகிவிடுவார்கள் என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் இது தெரியாமலே போகும்.

பெயர்ப்பலகைகளும் பேச்சும்

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜான் ஷெல்டன் ரீட் 1976-இல் ஓர் எளிய வழி காட்டினார். தொலைபேசிப் புத்தகங்களில் எத்தனை நிறுவனங்கள் தங்கள் பெயரில் "தெற்கு" என்ற அடையாளத்தைச் சேர்த்திருக்கின்றன என்று ஊர் ஊராக எண்ணினார். எங்கே அந்தப் பெயர் அடர்த்தி, எங்கே மறைகிறது என்று பார்த்தால் தெற்கு வட்டாரத்தின் எல்லை வரைபடத்தில் எழுந்து நிற்கிறது. 1980-இல் வில்பர் ஸெலின்ஸ்கி இதே வழியை வட அமெரிக்கா முழுவதற்கும் பயன்படுத்தினார். இன்று தொலைபேசிப் புத்தகம் இல்லை, இணைய வரைபடம் இருக்கிறது. நீங்கள் எடுத்த நகரத்தில் கடை, பள்ளி, மருத்துவமனை, சங்கம் இவற்றின் பெயர்களில் மாநகரப் பெயர் எத்தனை, சொந்த ஊர்ப்பெயர் எத்தனை, மாநிலப் பெயர் எத்தனை, மலை ஆறு கடற்கரையை வைத்து எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. வீடு விற்பவர்கள் வைக்கும் பெயரைத் தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் அவர்கள் வெளியூர் ஆட்களைக் குறிவைத்து மாநகரப் பெயரை முன்னால் போடுவார்கள். பள்ளிக்கூடமும் சங்கமும் ஊருக்காக வைத்த பெயர்கள்.

"எந்த ஊர்?" என்று கேட்கும்போதும் யார் கேட்கிறார் என்பது முக்கியம். தூர தேசத்தில் கேட்டால் மாநகரப் பெயரைச் சொல்லிவிடுவார்கள், விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்து ஊரில் கேட்டால் தெருப்பெயர் வரைக்கும் வரும். இரண்டு பதிலையும் வாங்குங்கள், மாநகரத்துக்காரர் ஒருவரிடமும் அந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் சால்ஃபோர்டுக்கும் நடுவே ஓர் ஆறுதான். சால்ஃபோர்டு 1926-லிருந்தே தனி நகர அந்தஸ்து உள்ள ஊர். 1894-இல் திறந்த கப்பல் கால்வாயின் பெரிய துறைகள் இருந்தது அங்கே, பெயர் என்னவோ மான்செஸ்டர் துறைகள். பிபிசி 2011-இல் வந்து இறங்கியதும் சால்ஃபோர்டில்தான், அப்போதும் "மான்செஸ்டருக்குப் போனது" என்று சொன்னவர்கள் நிறைய. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பக்கத்து ஊர்ப் பெயரில் தன் சொத்தைப் பார்க்கும் ஊருக்குத் தன் பெயர் மேல் தனி அக்கறை வருவது இயல்பு.

பேச்சுமொழியும் பெரிய நகரத்திலிருந்துதான் பரவுகிறது. 1970-களில் மொழியியலாளர் பீட்டர் ட்ரட்ஜில் காட்டியது என்னவென்றால், புது உச்சரிப்பு சமமாகப் பரவாமல் பெரிய நகரத்திலிருந்து அடுத்த அளவு நகரத்துக்குத் தாவும், நடுவில் இருக்கும் கிராமங்களுக்குக் கடைசியில்தான் போகும். சிகாகோ பக்கத்து உச்சரிப்புகள் நெடுஞ்சாலை வழியே செயின்ட் லூயிஸ் வரை இறங்கியதை வில்லியம் லபோவ் பதிவு செய்திருக்கிறார். ஆகவே சிறிய நகரத்தில் இளையவர் பேச்சையும் பெரியவர் பேச்சையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், எந்த மாநகரம் ஜெயிக்கிறது என்று காது சொல்லிவிடும்.

நிழலா, கடனா

பெரிய நகரம் பக்கத்தில் இருப்பதால் சின்ன ஊருக்கு இரண்டு விதமாக நடக்கலாம். ஒன்று, மாநகரத்தின் வசதிகளைக் கடனாக வாங்கித் தன் அளவைவிடப் பெரிய ஊராக வாழலாம். வில்லியம் அலோன்ஸோ 1973-இல் இதற்குக் கடன் வாங்கிய அளவு என்று பெயர் வைத்தார். மற்றது, நல்லதெல்லாம் மாநகரத்தில் கிடைப்பதால் இங்கே எதுவும் வளராமல் நிழலில் நிற்பது. பெரும்பாலான ஊர்களில் இரண்டும் கலந்திருக்கும். தன் அளவுள்ள, ஆனால் தனித்து நிற்கும் வேறொரு நகரத்தை எடுத்து ஒப்பிடுங்கள்: அங்கே சொந்தச் செய்தித்தாள், நாடக அரங்கம், பல்கலைக்கழகம், விளையாட்டு அணி இருக்கிறதா, இங்கே எது இல்லை? அந்த இல்லாத பட்டியல் நிறைய சொல்லும்.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே இருக்கும் ஹார்ட்ஃபோர்டு, காப்பீட்டுத் தொழிலால் தானே நின்ற ஊர். வேலர்ஸ் என்ற பனி ஹாக்கி அணி ஒன்று அதற்கு இருந்தது, 1997-இல் வட கரோலினாவுக்குப் போய்விட்டது. ஒரு நகரத்தின் பெயர் நாடு முழுக்க ஒலிக்கும் இடம் காலியானால் ரசிகர்கள் இரண்டு பக்கத்து மாநகரங்களுக்கும் பிரிந்து போகும் நிலைதான். இதற்கு நேர் எதிர் கிரீன் பே. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர், 1923-லிருந்து அணியின் பங்குகள் ரசிகர்கள் கையில். 1933 முதல் 1994 வரை சில உள்ளூர் ஆட்டங்களை மில்வாக்கியில் கொண்டுபோய் ஆடினார்கள், அதாவது மாநகரத்தின் கூட்டத்தைக் கடன் வாங்கினார்கள், பெயரைக் கொடுக்கவில்லை. அணி யார் கையில் இருந்தது என்பதுதான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம்.

பகையை விட்டுவிடாதீர்கள்

சின்ன நகரத்துக்காரர்கள் பக்கத்து மாநகரத்தைப் பற்றி எரிச்சலோடு பேசினால் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். எதைப் பற்றி எரிச்சல் என்பது முக்கியம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த்துக்கும் பெரிய நகரமான டல்லாஸுக்கும் 50 கி.மீ. அளவுதான் தூரம். ஃபோர்ட் வொர்த் செய்தித்தாள் அதிபர் ஏமன் கார்ட்டர் டல்லாஸுக்குப் போக நேர்ந்தால் அங்கே காசு செலவழிக்கக் கூடாது என்று மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவார் என்று இன்றும் சொல்லுகிறார்கள். இரண்டு ஊரும் தனித்தனி விமான நிலையத்துக்காக வருஷக்கணக்கில் மோதின, கடைசியில் 1964-இல் மத்திய அரசு ஒரே இடத்தை முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது, 1974-இல் இரண்டு பெயரையும் தாங்கிய பொது விமான நிலையம் திறந்தது. ஃபோர்ட் வொர்த் தன்னை மாடும் மேற்கும் சேர்ந்த ஊராகச் சொல்லிக்கொள்வதில் பக்கத்து ஊரின் வங்கியும் வியாபாரமும் ஒரு காரணம். எதிரே யாரும் இல்லாவிட்டால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எதிர்த்திசையையும் பாருங்கள்

இழுப்பு எப்போதும் பெரியதிலிருந்து சிறியதற்கு மட்டும்தான் என்று நினைத்தால் பாதி விட்டுப்போகும். கனடாவின் வின்ட்சருக்கு ஆற்றுக்கு எதிரே அமெரிக்காவின் டெட்ராய்ட். வின்ட்சரிலிருந்து ஒலிபரப்பான சிகேஎல்டபிள்யூ என்ற வானொலி 1960-களின் பிற்பகுதியில் டெட்ராய்ட் முழுக்கக் கொடிகட்டிப் பறந்தது. மாநகரம் கேட்ட பாட்டைச் சின்ன ஊர் தேர்ந்தெடுத்தது. 1971-இல் கனடா தன் நாட்டுப் பாடல்களுக்கு 30 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, அந்த வானொலிக்கு அக்கரை நேயர்களைப் பிடித்து வைப்பது கடினமாயிற்று. தேச எல்லை ஆற்றின் நடுவே இருக்கிறது என்று அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

வழி திறந்த வருஷத்தைக் குறியுங்கள்

கடைசியாக ஒன்று, தயவுசெய்து இதை விடாதீர்கள். நீங்கள் வரைந்த ஒவ்வொரு தாளிலும் ஆண்டு போடுங்கள். பாலம், ரயில், எல்லைச் சோதனை, தொழிற்சாலை மூடல் இவை வந்த வருஷங்களுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பாருங்கள்.

ஸ்வீடனின் மால்மோ இதற்கு நல்ல பாடம். அது இருக்கும் ஸ்கோனே 1658 வரை டென்மார்க்கின் பகுதி. பிறகு அது ஸ்வீடனுக்குப் போய், அதன் தலைநகர் ஸ்டாக்ஹோம் ஆனது, ஆனால் கோபன்ஹேகன் கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். கப்பல் கட்டும் தளம் 1980-களில் ஒடுங்கியது, அதன் பிரம்மாண்டமான பாரந்தூக்கியையே பிரித்து 2002-இல் தென் கொரியாவின் உல்சானுக்கு அனுப்பினார்கள். நடுவே 1998-இல் பல்கலைக்கழகம் வந்தது, 2000 ஜூலை 1-இல் பாலம் திறந்தது. மால்மோவில் வீடு, கோபன்ஹேகனில் வேலை என்று ஆயிரக்கணக்கானவர்கள் வாழத் தொடங்கினார்கள். 2016 ஜனவரியில் ஸ்வீடன் அடையாள அட்டைச் சோதனை வைத்ததும் திரும்பி வரும் ரயில் பயணிகள் கோபன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதுவரை ஒரே ஊராக நினைத்தவர்களுக்கு வீட்டுக்குப் போக அட்டை காட்ட வேண்டிய நாள். அதே வருஷம்தான் இரு கரையும் சேர்ந்த அமைப்பு ஓரெசுண்ட் என்ற பழைய நீரிணைப் பெயரை விட்டுக் கோபன்ஹேகன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டது. 1999-இல் எழுதிய மால்மோவும் 2005-இல் எழுதியதும் 2016-இல் எழுதியதும் மூன்று வேறு ஊர்களாக இருக்கும், மூன்றும் சரி.

ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கும் இதே வழியில் தாள் போட்டுப் பாருங்கள். 1914-இல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு மின்சார ரயில், பிறகு பனிப்போர் கால எல்லையான இரும்புத்திரை விழுந்து பல பத்தாண்டுகள் துண்டிப்பு, இன்று வீட்டு விலை தாங்காமல் ஸ்லோவாக்கியர்கள் எல்லை தாண்டி ஆஸ்திரிய கிராமங்களில் குடியிருந்துகொண்டு பிராட்டிஸ்லாவாவுக்கு வேலைக்கு வருகிறார்கள். வியன்னாவின் நிழலில் இருப்பதாகச் சொல்லப்படும் நகரம் வியன்னாவின் நாட்டுக்குள்ளேயே தனக்குப் புறநகர் வைத்திருக்கிறது.

எழுத உட்காரும்போது "இது இன்ன மாநகரத்தின் புறநகர்" என்று ஆரம்பிக்காமல், எந்த விஷயத்தில், எந்த வருஷத்திலிருந்து என்று சேர்த்து எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த ஊரிலேயே பிறந்த ஒருவரிடமும், மாநகரத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். இருவரும் வேறு வேறு வரிகளில் நிறுத்துவார்கள். அந்த வரிகளை வெட்டிவிடாதீர்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு அதையும் உள்ளே சேருங்கள்.